திருடனுக்குச் சம்பளம் போடுறது யாரு?

"ஏன், ஒழுங்கா பூட்டு போட்டு வைக்க வேண்டியதுதானே?"

குதிரை லாயத்துல திருட்டுப் போச்சுன்னு யார்கிட்ட சொன்னாலும் முதல் கேள்வி இதாங்க. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். விசாரிக்க வந்தவர் கேட்டார். சென்னையிலேர்ந்து போன் பண்ணின மச்சான் கூட கேட்டார். குதிரை கீழே தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சுதாம்னு நம்ம பெரியவங்க சொல்லி வச்சது இவங்களுக்காகத்தான் போல. பறிகொடுத்தவங்ககிட்ட கணக்கு கேக்குறது சுலபம். திருட்டுச் சாமானை வாங்குறவங்களைக் கேள்வி கேக்க மட்டும் ஒருத்தருக்கும் வாய் வர மாட்டேங்குது. இந்தப் பதிவு அவங்களைப் பத்தித்தான்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விளக்கம். பொட்டி தட்டுற எனக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க யோசிக்கிறது புரியுது. நான் குப்பை கொட்டுறது இங்கிலாந்துல, மிட்லண்ட்ஸ் பக்கம். பொண்ணு குதிரையேத்தம் கத்துக்கிறா. சனி ஞாயிறானா நானும் தங்கமணியும் அங்க போய் லத்தி அள்ளுறோம். லிவரி யார்டுன்னு சொல்வாங்க. சொந்தமா நிலம் இல்லாதவங்க மாச வாடகைக்குக் குதிரையை விட்டு வைக்கிற இடம். குதிரைன்னாலே பணக்காரன் விளையாட்டுன்னு நினைச்சுக்காதீங்க. எங்க யார்டுல இருக்கிறவங்கள்ல ஒருத்தர் முதியோர் இல்லத்துல நைட் டியூட்டி பாக்குறவர். இன்னொருத்தர் லாரி ஓட்டுறவர். வாரம் முழுக்க லாயம் சுத்தம் பண்ணி, அந்தக் கூலிக்குப் பதிலா ஒரு மணி நேரம் குதிரையேறுற பசங்களும் உண்டு.

போன குளிர்காலத்துல ஒரு ராத்திரி அங்க ஒன்பது சேணம் போச்சு. கூடவே கடிவாளம், கம்பளின்னு கையில அகப்பட்டதெல்லாம். இதுல வேடிக்கை என்னன்னா, பூட்டு அப்படியே தொங்கிட்டிருந்தது. கேட்டை கீல் பக்கமா தூக்கிக் கழட்டி வச்சுட்டு, சேணம் வைக்கிற அறையோட பின் தகரத்தை அறுத்து உள்ள போயிருக்காங்க. இப்ப சொல்லுங்க, எந்தப் பூட்டைப் போடச் சொல்றீங்க?

சேணம்னா ஏதோ ஒரு தோல் சீட்டு, இது போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு: நல்ல தோல் சேணம் புதுசா வாங்கினா ஆயிரக்கணக்கான பவுண்டு ஆகும். அதோட அது செருப்பு மாதிரி. ஒரு குதிரைக்குப் பொருந்துறது இன்னொண்ணுக்குப் பொருந்தாது. பொருந்தாததைப் போட்டா குதிரைக்கு முதுகு புண்ணாயிடும். ஆள் வச்சு அளவு பாத்து, பொருத்தி, கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி சரி பாக்கணும். இன்சூரன்ஸ் இருந்தாலும் தேய்மானம் கழிச்சுத்தான் கொடுப்பாங்க. நைட் டியூட்டி பாக்குற அந்தம்மா ரெண்டு வருஷம் சேர்த்து வச்சு வாங்கின சேணம் அது. இன்னி வரைக்கும் அவங்களால வேற வாங்க முடியல. குதிரை சும்மா நிக்குது, வாடகை மட்டும் மாசாமாசம் போகுது.

அதுக்காக பூட்டே வேண்டாம்னு நான் ஜல்லியடிக்கல. செய்ய வேண்டியதை எல்லாரும் செய்யணும். கேட்டோட ரெண்டு கீல் கொக்கியும் மேல் நோக்கி இருந்தா யார் வேணா தூக்கிக் கழட்டலாம். மேல் கொக்கியை மட்டும் தலைகீழா மாட்டினா தூக்க முடியாது. செலவு ஒண்ணும் பெருசா இல்ல. சேண அறையில இரும்புக் கூண்டு, அலாரம். லாயக் கதவுப் பக்கத்துல தலைவாரைத் தொங்க விடாம இருக்கிறது (குதிரையைக் கூட்டிட்டுப் போக வந்தவனுக்கு நாமளே கயிறு எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடும்). "சனிக்கிழமை எல்லாரும் போட்டிக்குப் போறோம், யார்டே காலி"ன்னு முன்கூட்டியே ஊருக்கெல்லாம் படம் போட்டு அறிவிக்காம இருக்கிறது. இதெல்லாம் சரிதான்.

ஆனா பூட்டுப் பைத்தியம் பிடிச்சு குதிரை நிக்கிற லாயக் கதவையே பூட்டிட்டுப் போறவங்களும் இருக்காங்க. தயவு செஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. உள்ள வைக்கோல், சுத்திலும் மரம். தீப்பிடிச்சா சாவியைத் தேடிட்டிருக்க நேரம் இருக்காது. பொருளைப் பூட்டலாம். உயிரைப் பூட்டக் கூடாது.

இன்னொரு கோஷ்டி இருக்கு. சில வருஷத்துக்கு ஒரு தடவை வதந்தி கிளப்புவாங்க. பிடரி மயிர்ல சடை பின்னின மாதிரி இருந்தா திருடன் அடையாளம் வச்சுட்டுப் போயிருக்கான்னு அர்த்தமாம். காத்துலயும் ஈரத்துலயும் மயிர் தானாவே முறுக்கிக்கும்னு குதிரை வளர்க்கிறவங்களுக்குத் தெரியாதா? ராத்திரி முழுக்க டார்ச் அடிச்சு சடையைத் தேடுறாங்க. சேணத்துக்கு அடியில இருக்கிற சீரியல் நம்பரை ஒரு போட்டோ எடுத்து வைங்கன்னா மட்டும் நேரமில்லையாம்.

சரி, மேட்டருக்கு வர்றேன். ஒன்பது சேணத்தைத் திருடினவன் அதுல ஏறிச் சவாரியா போகப் போறான்? அவனுக்கு அதை வித்தாகணும். யார்கிட்ட? குதிரை இல்லாதவன் சேணம் வாங்க மாட்டான். ஆக, வாங்குறது நம்மள மாதிரியே இன்னொரு யார்டுல நிக்கிற இன்னொரு குதிரைக்காரர்தான். ரெண்டாயிரம் பவுண்டு சேணம் முந்நூறுக்குக் கிடைக்குது, ரொக்கமா கொடுத்தா இன்னும் இருபது குறைப்பாங்க, ரோட்டோரம் கார் டிக்கியிலேர்ந்து எடுத்துத் தருவாங்க. இதுல ஒரு சந்தேகமும் வரலைன்னா அந்த அப்பாவித்தனத்துக்கு ஒரு கோயிலே கட்டலாம். அந்த முந்நூறு பவுண்டுதான் திருடனோட சம்பளம். அதை நிறுத்தாம கேட்டை மாத்தி, கேமரா வச்சா அவன் அடுத்த யார்டுக்குப் போவான். அவ்வளவுதான்.

இது நான் புதுசா கண்டுபிடிச்ச தத்துவம் இல்ல. இந்த ஊர்க்காரங்களுக்கு நானூறு வருஷத்துக்கு முன்னாடியே தெரியும். இங்க ஒரு காலத்துல குதிரை திருடினா தூக்கு. 1832ல தான் அதை எடுத்தாங்க. தூக்குக்கயிறு தொங்கின காலத்துலயும் குதிரைங்க திருட்டுப் போயிட்டுத்தான் இருந்தது. அதனாலதான் 1555லயும் 1589லயும் சந்தையில குதிரை விக்கிறதுக்குன்னே தனிச் சட்டம் போட்டாங்க. விக்கிறவன் சுங்கக்காரருக்குத் தெரிஞ்ச ஆளா இருக்கணும். இல்லைன்னா அவனைத் தெரிஞ்ச நம்பகமான ஒருத்தர் கூட வந்து சாட்சி சொல்லணும். பேர், ஊர், விலை, குதிரையோட நிறம், அடையாளம் எல்லாம் புத்தகத்துல ஏறணும். கம்ப்யூட்டர் இல்லாத, பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாத காலத்துல! இன்னிக்கு இணையச் சந்தையில ஒரு பூனைப் படத்தை முகமா வச்சுக்கிட்டு, போன வாரம் ஆரம்பிச்ச கணக்குல நாலு சேணம் விக்கலாம். "நீ யாருப்பா?"ன்னு கேக்க நாதியில்ல.

சட்டம் எப்பவும் இவ்வளவு விவரமா இருந்ததுன்னும் சொல்ல முடியாது. மத்த பொருளுக்கெல்லாம் இங்க ஒரு பழைய விதி இருந்தது. பகல் வெளிச்சத்துல, முறையான திறந்த சந்தையில, நல்லெண்ணத்தோட வாங்கினா திருட்டுப் பொருளும் வாங்கினவனுக்கே சொந்தம். திருடனுக்கு இதைவிட வசதி வேணுமா? அந்த விதிக்கு 1995 ஜனவரியில தான் முடிவு கட்டினாங்க. இப்ப நீங்க நல்லெண்ணத்தோட வாங்கியிருந்தாலும், திருட்டுப் பொருள்னு தெரிஞ்சா பொதுவா அது பழைய சொந்தக்காரருக்குத்தான் போகும். உங்க காசு அம்பேல்.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. 1968 திருட்டுச் சட்டத்துல சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 7 வருஷம். திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ நம்பியோ அதைக் கைமாத்துறவனுக்கு அதிகபட்சம் 14 வருஷம். சரியா ரெட்டிப்பு! வாங்குறவன் இல்லைன்னா திருடன் இல்லைங்கிறது சட்டம் எழுதினவங்களுக்கே புரிஞ்சிருக்கு. நம்ம ஊர்ல சைக்கிள் தொலைஞ்சா அடுத்த நாள் காலையில பழைய சாமான் கடைப் பக்கம் போய்த் தேடுறவனுக்கும் இது புரியும்.

வாங்குற பக்கத்தை இறுக்கினா என்ன ஆகும்னு பாக்க உதாரணமும் இருக்கு. ரயில்வே கேபிள், சர்ச் கூரை ஈயத்தகடுன்னு உலோகத் திருட்டு இங்க ஒரு சமயம் தலைவிரிச்சு ஆடினது. 2012 டிசம்பர்லேர்ந்து பழைய இரும்புக் கடைக்காரங்க ரொக்கம் கொடுக்கக் கூடாதுன்னாங்க. 2013 சட்டத்துல லைசென்ஸ், விக்கிறவரோட பேர், முகவரி சரிபார்ப்புன்னு எல்லாம் வந்தது. திருட்டு கணிசமா குறைஞ்சது. உலோக விலை இறங்கினதும் ஒரு காரணம், அதை மறுக்கல. ஆனா ரொக்கமா காசு வாங்கிட்டுப் பேர் சொல்லாம நழுவுற வழி அடைபட்டதும் காரணம்தானே?

குதிரைக்கே இப்ப அந்த வசதி இருக்கு. 2020 அக்டோபர் 1லேர்ந்து இங்கிலாந்துல எல்லாக் குதிரைக்கும் கழுத்துல மைக்ரோசிப் கட்டாயம். 15 இலக்க எண். பாஸ்போர்ட் ஏற்கனவே உண்டு. பாஸ்போர்ட் இல்லாத குதிரையை விக்க வந்தா விவரமானவங்க வாங்க மாட்டாங்க. குதிரைக்குப் பாஸ்போர்ட் இருக்கு, அது முதுகுல இருக்கிற சேணத்துக்கு ஒரு ரேஷன் கார்டு கூட இல்ல! 2023ல வந்த கருவித் திருட்டுத் தடுப்புச் சட்டம் கூட முதன்மையா புது குவாட் பைக் மாதிரி வண்டிகளை மனசுல வச்சு எழுதினதுதான். கிராமப்புறத் திருட்டால ஆன இழப்பு 2023ல சுமார் 5.28 கோடி பவுண்டு, 2024ல சுமார் 4.41 கோடின்னு என்.எஃப்.யூ. மியூச்சுவல் கணக்கு சொல்லுது. குறைஞ்சிருக்கு, சந்தோஷம். அந்தப் பெரிய கணக்குல சேணமெல்லாம் ஒரு மூலையிலதான் இருக்கும். பறிகொடுத்தவங்களுக்கு அது மூலை இல்ல.

"பழசு வாங்குறவங்க ஏழைங்க, அவங்களைப் போய்த் திட்டுறியே"ன்னு ஒரு உள்குத்து வரும்னு தெரியும். பழசு வாங்குறது தப்புன்னு யார் சொன்னா? என் பொண்ணு போடுற பூட்ஸ், ஹெல்மெட் தவிர மத்ததெல்லாம் பழசுதான் (விழுந்து அடிபட்ட ஹெல்மெட் பாதுகாப்பில்ல, அதனால அது மட்டும் புதுசு). மூணு கேள்வி கேளுங்கன்னுதான் சொல்றேன். எங்க வாங்கினீங்க? எந்தக் குதிரைக்குப் போட்டீங்க, ஏன் விக்கிறீங்க? சீரியல் நம்பர் என்ன, உங்க வீட்டுக்கே வந்து பாக்கலாமா? நேர்மையா விக்கிறவர் தன் குதிரையோட ஜாதகத்தையே சொல்ல ஆரம்பிச்சுடுவார், நிறுத்துறதுதான் கஷ்டம். திருடன் அடுத்த மெசேஜ்ல காணாமப் போயிடுவான். இதுக்குக் காசு செலவு கிடையாது. ஏழைங்களுக்கும் இது பாதுகாப்புத்தான், ஏன்னா திருட்டுப் பொருள்னு திருப்பிக் கொடுக்க நேர்ந்தா நஷ்டம் தாங்க முடியாதவங்க அவங்கதான்.

"குறி போட்டா மட்டும் திருட்டு நின்னுடுமா?"ன்னும் கேப்பாங்க. தோல்ல போஸ்ட்கோடும் வீட்டு எண்ணும் அழுத்திப் பதிச்சா அந்தச் சேணம் யார் வீட்டுதுன்னு சின்னப் பையன் கூட சொல்லுவான். ஆனா வாங்குறவர் அந்தக் குறியைப் பாக்கணும், கேக்கணும். பாத்தும் பாக்காத மாதிரி முந்நூறை எண்ணிக் கொடுத்தா எந்தக் குறியும் வேலை செய்யாது. அதனாலதான் விளம்பரம் போட சீரியல் நம்பர் கட்டாயம், விக்கிறவரோட அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம்னு இணையச் சந்தைக்காரங்களைச் சட்டம் கட்டாயப்படுத்தணும்னு சொல்றேன். 1589ல முடிஞ்சது இப்ப முடியாதா?

இதைப் படிக்கிற உங்கள்ல முக்கால்வாசிப் பேர் வாழ்க்கையில சேணம் வாங்கப் போறதில்ல. ஆனா பழைய கேமரா, செல்போன், சைக்கிள், லேப்டாப் வாங்குவீங்க. விலை நம்ப முடியாத அளவுக்குக் கம்மியா இருந்தா, அந்த மூணு கேள்வியைக் கேளுங்க மக்களே. அடுத்த தடவை யாராவது "திருட்டுப் போச்சு"ன்னு சொன்னா, பூட்டைப் பத்திக் கேக்காதீங்க. சீரியல் நம்பர் என்னன்னு கேட்டு வாங்கி, நாலு பேருக்குச் சொல்லுங்க.

டிஸ்கி: நான் வக்கீல் இல்ல, லத்தி அள்ளுறவன். சட்டச் சந்தேகத்தை வக்கீல்கிட்டயே கேட்டுக்குங்க. கேட் கொக்கி சந்தேகம்னா தாராளமா என்னைக் கேக்கலாம்.