மேடை ஏறிய சின்னக் குரல்



அண்மையில் எங்கள் ஊர் முன்பள்ளிக் கலைவிழாவுக்குப் போயிருந்தேன். இரவு ஒன்பது மணியாகியும் நிகழ்ச்சி முடியவில்லை. மேடைக்குப் பின்னால் நாலு வயதுப் பிள்ளை ஒன்று, பூசிய பவுடரும் பொட்டுமாகக் கதிரையில் தூங்கிக்கொண்டிருந்தது. "எழும்பம்மா, அடுத்தது உன்ர பாட்டு" என்று தாய் தட்டி எழுப்பினார். அழுதுகொண்டு போன பிள்ளை, மேடையில் சிரித்துக்கொண்டு பாடியது. எல்லோரும் கை தட்டினோம். நானும்தான்.

வீட்டுக்கு வந்தபிறகு எனக்குக் கே.பி. சுந்தராம்பாளின் நினைவு வந்தது. 1953இல் வெளிவந்த 'ஔவையார்' படத்தில் கோலூன்றி வந்த பாட்டியாகத்தான் அவரைப் பலரும் அறிவோம். அந்தப் பாட்டியும் ஒரு காலத்தில் மேடைக் குழந்தைதான்.

1908இல் தமிழ்நாட்டின் கொடுமுடியில் பிறந்தவர். சிறுவயதிலேயே தகப்பனை இழந்தார். தாய் பாலாம்பாள் பிள்ளைகளோடு வறுமையில் தவித்தார். சின்னஞ்சிறு சுந்தராம்பாள் ரயிலில் பாடிக் காசு வாங்கினார். அந்தக் குரலே அவரை நாடகக் கம்பனிக்குக் கொண்டுசென்றது. அங்கே அவருக்குக் கிடைத்த முதல் வேடங்களில் ஒன்று, 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் துடிக்கும் பிள்ளையின் வேடம். பசியை அவர் யாரிடமும் படிக்க வேண்டியிருக்கவில்லை. சனம் அழுதது, கை தட்டியது. அந்தக் காலத்து நாடகங்கள் விடிய விடிய நடக்கும். கம்பனி போகும் ஊரெல்லாம் பிள்ளையும் போகவேண்டும்.

நமது நாட்டு மேடைகளும் அவருக்குப் புதியவை அல்ல. எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் அவர் சேர்ந்து நடிக்கத் தொடங்கியது 1926இல் இலங்கையில்தான். கிட்டப்பாவும் சிறுவயதிலேயே மேடை ஏறியவர். இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். ஆனால் 1933இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25 மட்டுமே.

அதன் பிறகுதான் அவருடைய வாழ்க்கையில் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டார். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். சினிமாக்காரர் தேடி வந்தபோது ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் பேசினார். அந்தக் காலத்தில் அது யாரும் கேள்விப்படாத தொகை. 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே, ஆண் வேடத்தில் நடித்தார். பின்னாளில் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1980இல் காலமானார்.

சின்ன வயதில் பசி சொன்னபடியும் கம்பனி சொன்னபடியும் பாடிய பிள்ளை, வளர்ந்தபிறகு எதை நடிப்பது, யாரோடு நடிப்பது, எவ்வளவுக்கு நடிப்பது என்று தானே தீர்மானித்தார். எல்லா மேடைக் குழந்தைகளுக்கும் இது வாய்ப்பதில்லை.

அவரை மேடைக்குத் தள்ளியது பசி. நம் பிள்ளைகளைத் தள்ளுவது எது? பக்கத்து வீட்டுப் பிள்ளை தொலைக்காட்சியில் பாடிவிட்டது என்பதா?

அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, காய்ச்சலோடு அவளைப் போட்டிக்குக் கூட்டிப்போனவள் நான். முதற் பரிசு கிடைத்தது. வெற்றிக் கிண்ணம் இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. மகளுக்கு இப்போது முப்பது வயது. அவள் பாடுவதே இல்லை. ஏன் என்று கேட்டால், "விடுங்கோ அம்மா" என்று சிரித்து மழுப்பிவிடுவாள்.

பிள்ளைகள் பாடட்டும், ஆடட்டும். அது அவர்களுக்கு நல்லதுதான். ஆனால் அடுத்த முறை பிள்ளைக்கு உடுப்புத் தைக்கக் கொடுக்கும் முன், "உனக்கு விருப்பமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "இல்லை" என்று சொன்னால் கோபிக்காதீர்கள். விழா நடத்துகிறவர்களிடம், சின்னப் பிள்ளைகளின் நிகழ்ச்சியை வெயில் தாழ்ந்ததும் முதலில் வையுங்கள் என்று நாம் சேர்ந்து சொல்வோம். எங்கள் முன்பள்ளியில் நான் சொல்லிவிட்டேன். நீங்களும் சொல்லுங்கள்.