ஆடும் மெமோவும்

போன மாதம் மச்சான் ஊருக்குப் போனபோது பட்டியில் மூன்று ஆடு குறைந்திருந்தது. "தவறாம பூச்சி மருந்து ஊத்தறேன் மாப்ளே. அப்பவும் சாகுது. பொண்ணு காலேஜ் ஃபீஸே இதுங்கதான்" என்றார்.

கால்நடை டாக்டர் ஓர் ஆட்டின் கண் இமையைப் புரட்டினார். உள்ளே வெளேரென்று இருந்தது. ஹீமாங்கஸ் என்ற ரத்தம் குடிக்கும் வயிற்றுப் புழு. "மருந்து கேக்குதான்னு பார்த்துடலாம்" என்று புழுக்கை கேட்டார்.

சோதனை சிம்பிள். ஒரு கிராம் புழுக்கையில் எத்தனை புழு முட்டை என்று மைக்ராஸ்கோப்பில் எண்ணுகிறார்கள். எடை பார்த்து மருந்து கொடுத்து, 14 நாள் கழித்து மறுபடி எண்ணுகிறார்கள். 1000 இருந்தது 50க்குள் வந்தால் மருந்து பாஸ். மச்சான் ஆடுகளில் 1200 இருந்தது 700 ஆனது. ஃபெயில்!

வருஷக்கணக்காக ஒரே ஆல்பெண்டசோல், அதுவும் கண் மதிப்பில். தப்பிப் பிழைத்த புழுக்களின் வாரிசுகளுக்கு அது உறைக்கவில்லை. டாக்டர் வேறு வகை மருந்து எழுதி, வெளுத்த ஆடுகளுக்கு மட்டும் கொடுக்கச் சொன்னார். மருந்து படாத புழுக்களும் கொஞ்சம் இருந்தால்தான் புது மருந்து நாள்பட நிற்குமாம்.

எங்கள் ஆபீஸில் லேட்டாக வருகிறவர்களுக்குப் பத்து வருஷமாக ஒரே மெமோ. கொடுத்தபின் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நான் நலம்.