பாட்டின் மேல் விழுந்த பழி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எகிப்து தேசத்தில் 1967-இல் நடந்தது அதைவிட விசித்திரம். ஆடத் தெரியாதவர்கள் ஆடி விழுந்தார்கள். அவர்களுக்குப் பரிந்துகொண்டு வந்த சிலர், எங்கோ பாடிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியைக் குற்றவாளி ஆக்கினார்கள்.

அந்த வருஷம் ஜூன் மாதம் இஸ்ரேலுடன் மூண்ட யுத்தம் ஆறே நாளில் முடிந்தது. எகிப்தும் சிரியாவும் ஜோர்டானும் தோற்றன. சினாய்ப் பாலைவனம் முழுவதும் எகிப்தின் கையை விட்டுப் போயிற்று. அவமானம் தாங்காமல் ஜனங்கள் "ஏன்? ஏன்?" என்று கேட்டபோது, படித்தவர்களில் சிலர் ஒரு பதிலைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். உம் குல்தூம் அம்மையாரின் பாட்டுத்தான் காரணமாம்! காதலையும் பிரிவையும் மணிக்கணக்கில் பாடிப் பாடி, அரபு ஜனங்களுக்கு அபினி ஊட்டித் தூங்க வைத்துவிட்டாராம்.

இதைப் போலச் சோம்பேறித்தனமான வாதத்தை நான் கேட்டதில்லை. சோம்பேறித்தனத்தோடு கொஞ்சம் அயோக்கியத்தனமும் இதில் கலந்திருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் அந்த அம்மையார் யார் என்று பார்ப்போம். நைல் நதியின் கழிமுகப் பிரதேசத்தில் ஒரு சிறு கிராமம். தகப்பனார் அந்த ஊர் மசூதியின் இமாம். கல்யாண வீடுகளில் பக்திப் பாட்டுப் பாடி நாலு காசு சம்பாதிப்பவர். பெண் குழந்தை சபையில் பாடுவது கௌரவக் குறைவு என்று எண்ணி, மகளுக்கு ஆண் பிள்ளை வேஷம் போட்டுத்தான் அவர் கூட அழைத்துக்கொண்டு போனார். குர்ஆன் ஓதிப் பழகிய நாக்கு. ஆகவே ஓர் எழுத்துக்கூட வழுக்காத உச்சரிப்பு. 1920-களின் தொடக்கத்தில் கெய்ரோவுக்கு வந்தார். 1934-இல் எகிப்து வானொலி தொடங்கிய பின், மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவு அவருடைய கச்சேரியை ஒலிபரப்புவது வழக்கமாயிற்று. அரபு தேசங்களின் காப்பிக் கடைகளில் அந்த இரவு வானொலிப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும்.

கச்சேரி என்றால் நம் சினிமாப் பாட்டு மாதிரி மூன்று நிமிஷ விவகாரம் அல்ல. ஒரு பாட்டு ஒரு மணி நேரம். ஓர் இரவுக்கு இரண்டு அல்லது மூன்று பாட்டு. ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு புது அர்த்தம் தெரியும். சபையோர் "மறுபடியும், மறுபடியும்" என்று கூவுவார்கள். அந்தப் பரவசத்துக்கு அரபு மொழியில் 'தரப்' என்று பெயர். 1966-இல் அவர் பாடிய 'அல்-அத்லால்' இப்ராஹிம் நாகி என்ற கவிஞரின் கவிதை. இசை அமைத்தவர் ரியாத் அல்-சுன்பாத்தி. பேச்சு மொழிகூட அல்ல, சுத்தமான இலக்கிய அரபி. கையெழுத்துப் போடத் தெரியாத குடியானவன் அதை முழுக்க உட்கார்ந்து கேட்டான், மனப்பாடமும் செய்தான். இதற்குப் பெயர் தூக்கமா? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக்கூட இத்தனை கவனம் கிடையாது!

சரி, பாட்டுக் கேட்டதால்தான் தோற்றார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஜெயித்தவர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டா இருந்தார்கள்? யுத்தத்துக்கு மூன்று வாரம் முன்னால், 1967 மே மாதம், ஜெருசலேமில் நடந்த பாட்டு விழாவில் நவோமி ஷெமர் என்ற பெண்மணி எழுதிய ஒரு பாட்டு அரங்கேறியது. தங்கமயமான ஜெருசலேமைப் பற்றிய பாட்டு. இஸ்ரேல் சிப்பாய்கள் அதைப் பாடிக்கொண்டேதான் யுத்தம் செய்தார்கள். ஒரு பக்கத்தில் அபினியாக இருந்த பாட்டு, மறு பக்கத்தில் அமுதமாக மாறிவிட்டதா?

இன்னொன்று கேட்கிறேன். 1973 அக்டோபரில் எகிப்தியச் சேனை சூயஸ் கால்வாயைக் கடந்து எதிர்க் கரையில் ஏறியதே, அந்தச் சிப்பாய்கள் வேறு எந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள்? அதே வானொலி, அதே அம்மையார், அதே பாட்டுக்கள். மாறியது பாட்டல்ல, தயாரிப்பு.

தோல்விக்குக் காரணம் தேட வேண்டுமானால் அது கண்ணுக்கு எதிரிலேயே கிடக்கிறது. 1967 ஜூன் 5-ஆம் தேதி காலை சில மணி நேரத்துக்குள் எகிப்தின் போர் விமானங்களில் பெரும்பாலானவை தரையில் நின்றபடியே நாசமாயின. சேனையில் ஒரு பெரும் பகுதி, 1962-இல் தொடங்கிய யேமன் சண்டையில் அப்போதும் சிக்கிக் கிடந்தது. இத்தனை நடந்தும் கெய்ரோ வானொலி, பகைவர் விமானங்களை டஜன் கணக்கில் வீழ்த்திவிட்டதாக முழங்கிக்கொண்டிருந்தது. ஜனங்களை ஏமாற்றியது வியாழக்கிழமைப் பாட்டு அல்ல, திங்கட்கிழமைச் செய்தி. பாட்டைக் குற்றம் சொல்கிறவர், தளபதியையும் மந்திரியையும் கூண்டிலிருந்து இறக்கிவிட்டு, பாடகியை அதில் ஏற்றுகிறார். அயோக்கியத்தனம் என்று நான் சொன்னது இதைத்தான்.

அம்மையார் மேல் தப்பே கிடையாது என்று நான் சாதிக்கவில்லை. 1944-இல் பரூக் மன்னர் கையால் விருது வாங்கியவர் பிறகு நாஸரைப் புகழ்ந்தும் பாடினார். 1956-இல் சூயஸ் நெருக்கடியின்போது அவர் பாடிய போர்ப் பாட்டின் மெட்டு, 1960 முதல் 1979 வரை எகிப்தின் தேசிய கீதமாகவே இருந்தது. அதிகாரத்தின் நிழலில் சௌகரியமாக வாழ்ந்தார் என்பதும் மெய். அகமது புவாத் நஜ்ம் என்ற கவிஞர் அவர் வீட்டு நாயை வைத்தே ஒரு கேலிக் கவிதை எழுதினார். அதில் நியாயம் உண்டு. புகழ்ந்து பாடியதற்காக அவரைக் கண்டிக்கிறீர்களா? கண்டியுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் காதலைப் பாடியதற்காகக் கண்டிக்காதீர்கள்!

அந்த நஜ்மின் கதையையே பாருங்கள். கண் தெரியாத ஷேக் இமாம் என்ற பாடகர் நஜ்மின் கவிதைகளுக்கு மெட்டமைத்து, தோல்விக்குக் காரணமான பெரிய மனிதர்களைப் பெயர் சொல்லாத குறையாகக் கிண்டல் செய்து பாடினார். இது தூங்க வைக்கிற பாட்டு அல்ல. தட்டி எழுப்புகிற பாட்டு. அதற்குக் கிடைத்த சன்மானம் என்ன? 1969-இல் இருவரும் சிறைக்குப் போனார்கள். தூங்க வைத்தால் பழி, எழுப்பினால் சிறை. பாடகன் வாயைத் திறக்காமல் இருந்தால்தான் சிலருக்குத் திருப்தி போலிருக்கிறது.

எனக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்று வாசகர்கள் கேட்கலாம். கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். "உங்கள் நாவலைப் படித்துப் படித்தே ஜனங்கள் கனவு காண்கிறார்கள், காரியம் நடப்பதில்லை" என்ற உபதேசம் எனக்கும் பழக்கமானது. பகலெல்லாம் உழைத்தவன் இரவில் ஒரு பாட்டிலோ கதையிலோ தன் துக்கத்துக்கு ஒரு வார்த்தை தேடுகிறான். கிடைத்தால் மறுநாள் மனிதனாக எழுந்திருக்கிறான். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவன் வீரனாகிவிடுவான் என்று யார் சொன்னது?

பழியைக் கேட்ட உம் குல்தூம் அம்மையார் மறுப்பு அறிக்கை விட்டுக்கொண்டிருக்கவில்லை. அறுபது வயதைக் கடந்த உடம்போடு ஊர் ஊராகப் புறப்பட்டார். எகிப்தின் நகரங்கள், 1967 நவம்பரில் பாரிஸ், பிறகு மொராக்கோ, துனீசியா, சூடான், லிபியா. பாடிச் சேர்த்த பணத்தைத் தேசத்துக்குக் கொடுத்தார். தோற்றவர்கள் ஆளுக்கு ஒரு சாக்குத் தேடிய காலத்தில், தமக்குத் தெரிந்த தொழிலைச் செய்து கடனைத் தீர்த்தவர் அவர்.

1975 பிப்ரவரியில் அவர் காலமானபோது கெய்ரோத் தெருக்களில் லட்சக்கணக்கான ஜனங்கள் திரண்டார்கள். சவப்பெட்டியைச் சுமந்தவர்களிடமிருந்து அதை வாங்கித் தங்கள் தோள்களில் மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு போனார்கள். படித்தவர்கள் எழுதிய குற்றப்பத்திரிகைக்குப் படிக்காதவர்கள் எழுதிய தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.