தர்ப்பணத்துக்குப் பின் ஓர் அரை மணி நேரம்

தை அமாவாசைக்குக் கோடியக்கரை ஆதிசேதுவில் முழுகி எழும் கூட்டத்தில் நானும் ஒருவன். அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தபின், ஈர வேட்டியோடு சேற்றுத்திட்டுப் பக்கம் நடந்துவிடுவேன். அங்கே கொசு உள்ளான் என்னும் சின்னப் பறவைகள் தையல் மிஷின் ஊசிபோல விடாமல் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும். முப்பது கிராம்கூடத் தேறாத உடம்பு. பிறந்த இடமோ சைபீரியாவின் துருவக் கரை. வளர்ந்த பறவைகள் முன்னதாகவே கிளம்பிவிட, அந்த ஆண்டுக் குஞ்சுகள் பின்னால் தாமாகவே வழி கண்டு தெற்கே வருகின்றன. முன்னே போனவர்களை நினைத்து நிற்கும் எனக்கு அதைவிட ஆறுதல் வேறில்லை, மனசு துள்ளுகிறது.

ஆனால், அதே கரையில்தான் பழந்துணியையும் பிளாஸ்டிக் பையையும் போட்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிறோம். செல்ஃபிக்காகப் பறவைகளை விரட்டுகிறோம். விரட்ட விரட்ட, ஊர் திரும்பச் சேர்க்கும் கொழுப்பு அவற்றுக்குக் கரைந்துபோகிறது. கொண்டுபோனதை வீட்டுக்கே எடுத்து வருவோம். தள்ளி நின்று அரை மணி நேரம் பார்ப்போம். பிதுர்க்கடனில் இதையும் சேர்த்துக்கொண்டால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.