குமரிக்கண்டம் படத்தைப் பகிரும் முன் கடலின் தரையையும் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

குமரிக்கண்டம் வரைபடம் மறுபடியும் சுற்றத் தொடங்கிவிட்டது. மடகாஸ்கரிலிருந்து ஆஸ்திரேலியா வரை ஒரே நிலம், நடுவில் பஃறுளி ஆறு, குமரி ஆறு, கீழே "தமிழன் என்றால் பகிரவும்" என்று ஒரு கட்டளை. இந்த வாரம் மட்டும் எனக்கு நான்கு பேர் அனுப்பியிருக்கிறீர்கள். அதில் இரண்டு பேர் என்னிடமே பத்தாம் வகுப்பில் புவியியல் படித்தவர்கள்! போதாக்குறைக்கு, எனக்குப் பேத்தி முறையாகும் ஒரு பெண் பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு இதையே தலைப்பாக எடுத்திருக்கிறாள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதன் வாழ்ந்த காலத்தில் அங்கே ஒரு கண்டம் இருந்து மூழ்கவில்லை. அப்படிச் சொல்வதால் தமிழின் பழமைக்கு எள்ளளவும் குறைவு கிடையாது. நாம் உண்மையிலேயே இழந்த நிலம் ஒன்று உண்டு. அதை யாரும் பகிர்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இந்தக் கண்டத்தின் கதை எங்கே தொடங்கியது? 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். மடகாஸ்கரில் லெமூர் என்ற விலங்கு நிறைய இருக்கிறது. அதன் உறவினமான தேவாங்கு இந்தியாவில் இருக்கிறது. நடுவில் இவ்வளவு பெரிய கடல் இருக்க, இது எப்படி? நிலம் நகரும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. ஆகவே நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். கடலின் தரையை அன்று எவரும் பார்த்ததில்லை.

பின்னால் நம் தமிழறிஞர்கள் இந்த லெமூரியாவையும் உரையாசிரியர்கள் சொன்ன கடல்கோளையும் இணைத்தார்கள். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் 49 நாடுகளையும் 700 காவதத்தையும் குறிப்பிடுகிறார் அல்லவா? மேல்நாட்டு விஞ்ஞானமே சொல்கிறது என்றால் யாருக்குத்தான் ஆவல் வராது? அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அன்று இருந்த அறிவியலை அவர்கள் நம்பினார்கள். நாமும் இன்றைய அறிவியலைப் பார்க்க வேண்டும் அல்லவா?

கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் ஆல்பிரட் வெகனர் சொன்னபோது பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆதாரம் கடைசியில் கடலுக்கு அடியிலிருந்து வந்தது. அமெரிக்காவில் மேரி தார்ப் என்ற பெண்மணி, கப்பல்கள் எடுத்து வந்த ஆழக் கணக்குகளை வைத்து அட்லாண்டிக் தரையை வரைந்தார். நடுக்கடல் மலைத்தொடரின் உச்சியில் நெடுக ஒரு பிளவு ஓடுவதை 1952-இல் கண்டார். "பெண்பிள்ளைப் பேச்சு" என்று முதலில் ஒதுக்கினார்கள். அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. அந்தப் பிளவில்தான் கீழிருந்து பாறைக் குழம்பு ஏறி, ஆறி, புதிய தரையாகி, இரண்டு பக்கமும் விலகிச் செல்கிறது. 1962-இல் ஹாரி ஹெஸ் இதை ஒரு கோட்பாடாக எழுதினார்.

இதை உறுதிப்படுத்திய இடம் எது தெரியுமா? நம் இந்தியப் பெருங்கடல்தான். அரபிக்கடலுக்குத் தெற்கே கார்ல்ஸ்பர்க் என்ற கடலடி மலைத்தொடர் இருக்கிறது. 1962-இல் ஒரு பிரிட்டிஷ் கப்பல் அங்கே காந்த அளவுகளை எடுத்தது. பாறைக் குழம்பு ஆறும்போது அன்றைய பூமியின் காந்தத் திசை அதில் பதிந்துவிடும். பூமியின் காந்தத் திசையோ பல முறை தலைகீழாக மாறியிருக்கிறது. கடைசியாக மாறியது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன். ஆகவே தரை நடுவில் பிறந்து இருபுறமும் விலகுகிறது என்றால், புடவையின் இரண்டு கரை போல இரு பக்கமும் ஒரே மாதிரிப் பட்டைகள் இருக்க வேண்டும். இருந்தன. 1963-இல் வைன், மேத்யூஸ் என்ற இருவர் இதை வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் பாடப்புத்தகத்தை மாற்றிய ஆதாரம் நம் வாசற்கடலில் கிடைத்தது. இதைப் பெருமையோடு பகிரும் ஒரு தமிழரையும் நான் பார்க்கவில்லை!

இனி நம் கேள்விக்கு வருவோம். குமரிமுனையில் நம் கால் படும் பாறை 50 கோடி ஆண்டுக்கு மேல் பழையது. உலகின் பெருங்கடல் தரையோ அநேகமாக எங்குமே 20 கோடி ஆண்டைத் தாண்டாது. இந்தியப் பெருங்கடலின் தரை அதைவிடவும் இளையது. இரண்டும் வெவ்வேறு பொருள். கண்டத்தின் ஓடு கிரானைட் வகை, இலேசானது, 30 முதல் 40 கி.மீ. தடிமன். கடலின் ஓடு பசால்ட், கனமானது, சுமார் 7 கி.மீ. தடிமன். தண்ணீரில் கட்டை மிதப்பதுபோல, கண்டம் கீழே உள்ள கனத்த கவசத்தின் மேல் மிதக்கிறது. அது கல்லைப் போல விழுந்து மூழ்கவும் முடியாது, சில ஆயிரம் ஆண்டில் பசால்ட்டாக மாறவும் முடியாது. அந்த வரைபடம் நிலம் என்று காட்டும் இடத்தில் பெரும்பகுதி இன்று 4 கி.மீ.க்கும் கூடுதலான ஆழம்.

துளைத்தும் பார்த்துவிட்டார்கள். 1987-இல் ஓர் ஆய்வுக் கப்பல் இலங்கைக்குத் தெற்கே சுமார் 800 கி.மீ. தொலைவில், குமரிக்கண்டத்தின் நட்டநடுவில் என்று சொல்லலாம், கடல் தரையைத் துளைத்தது. வந்தது இமயமலை மண்! கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்கக் கடலில் கொட்டிய வண்டல், கடலடியிலேயே சரிந்து சரிந்து அவ்வளவு தூரம் போய், ஒரு கோடி ஆண்டுக்கும் மேலாக அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. பத்தாயிரம் ஆண்டுக்கு முன் அங்கே வயலும் ஊரும் இருந்திருந்தால் இந்த ஆழ்கடல் வண்டல் எங்கே படிந்திருக்கும்?

"ஐயா, மொரீஷியஸ் அடியில் பழைய கண்டத் துண்டு இருப்பதாகச் செய்தி வந்ததே" என்று சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. உண்மைதான். இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது உடைந்த துண்டுகள் அவை. ஆனால் அந்தப் பிரிவு சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன், டைனோசர் காலத்தில் நடந்தது. மனிதனே இல்லை, தமிழன் எங்கிருந்து? நியூசிலாந்தைச் சுற்றி சீலாந்தியா என்று பெரும்பாலும் மூழ்கிய ஒரு கண்டம் இருப்பதும் உண்மை. அதுவும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் இழுபட்டு, மெலிந்து, மெல்லத் தாழ்ந்தது. இன்றும் சுற்றியுள்ள கடல் தரையைவிட மேடாகத்தான் நிற்கிறது. அப்படி ஒரு மேடு குமரிக்குத் தெற்கே இருந்தால் கருவிகளுக்குத் தெரியாமல் போகாது.

அப்படியானால் கடல்கோள் முழுக்கக் கற்பனையா? இல்லை. சுமார் 20,000 ஆண்டுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் போலக் கீழே இருந்தது. பாக் நீரிணையின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. அப்போது ராமநாதபுரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நடந்தே போயிருக்கலாம். நம் குமரி மீனவர்கள் மீன்பிடிக்கப் போகும் வாட்ஜ் பேங்க் என்ற திட்டின் ஆழம் குறைந்த பகுதிகளும் தரையாக இருந்தன. பனி உருக உருக, பல தலைமுறைகளாகக் கடல் ஏறி வந்து அந்தக் கரையை எடுத்துக்கொண்டது. இங்கே எந்தக் கண்டமும் மூழ்கவில்லை, தண்ணீர்தான் ஏறியது. இழந்தது கண்டமல்ல, ஒரு கரை. கடல்கோள் நினைவு அதிலிருந்து வந்ததா, பின்னால் வந்த பேரலைகளிலிருந்து வந்ததா என்பது ஆராய வேண்டிய விஷயம். ஆனால் ஆராய ஓர் இடமாவது இருக்கிறது.

"நம்பிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்" என்று என் தம்பி முறையில் ஒருவர் கேட்டார். நஷ்டம் இருக்கிறது. நாம் நிற்கும் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்காக நகர்கிறது. அந்தமான், சுமத்ரா பக்கம் கடல் தரை அடுத்த தட்டுக்கு அடியில் நுழைகிறது. 2004 டிசம்பர் 26 அன்று அங்கே 1,000 கி.மீ.க்கும் நீளமாகத் தரை நழுவியது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேரை இழந்தோம். சில இடங்களில் கடல் உள்வாங்கியபோது வேடிக்கை பார்க்க இறங்கியவர்களும் உண்டு. கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்ற ஒரு வரி அன்று தெரிந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்! இல்லாத ஆற்றின் பெயரை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இருக்கிற தட்டைப் பற்றிக் கேட்டால் விழிக்கிறார்கள்.

பழமைக்குக் கீழடி இருக்கிறது, ஆதிச்சநல்லூர் இருக்கிறது, சங்க நூல்கள் இருக்கின்றன. தோண்டத் தோண்டக் கிடைக்கிறது. அதற்குக் கடலடியில் பொய்த் தூண் எதற்கு? ஒரு பொய்யைச் சேர்த்துச் சொன்னால், கேட்பவன் நம் உண்மையையும் சேர்த்துத்தான் சந்தேகிப்பான்.

அந்தப் பேத்திக்கு நான் சொன்ன யோசனை இது: தலைப்பை "நாம் இழந்த கரை" என்று மாற்றிக்கொள் அம்மா. பனியுகம், பாக் நீரிணை, சுனாமி மூன்றையும் பேசு. பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, கேட்பவர்களுக்கு ஒரு நாள் உதவும்.

மற்றவர்களுக்கும் அதுவே. மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகக் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். வகுப்பில் எழுந்து கேள்வி கேட்டவர்களை நான் ஒரு நாளும் உட்காரச் சொன்னதில்லை.