கமக்காரரின் பென்சன் யார் கடன்?

பென்சன் என்ற சொல்லின் வேர், நிறுத்துப் பார்ப்பதைக் குறிக்கும் ஓர் இலத்தீன் வினை. உலோகத்தை நிறுத்துக் கடன் தீர்த்த காலத்தில் கொடுத்துத் தீர்ப்பது என்ற பொருளும் அதற்கு வந்தது. பின்னர் அரசர்கள் வேண்டியவர்களுக்கு அளந்த மானியமும் பென்சனாயிற்று. 1755இல் வெளியான தன் அகராதியில் சாமுவேல் ஜோன்சன் அதைக் கைக்கூலி என்று எள்ளினார். 1762இல் அவரே ஆண்டுக்கு 300 பவுண் பென்சன் வாங்கினார். கடனா கொடையா என்ற அந்த மயக்கம் இலங்கையின் வன்னியில் இன்னும் தெளியவில்லை. இங்கே பென்சன்காரர் என்றால் ஓய்வுபெற்ற ஆசிரியரும் கச்சேரி உத்தியோகத்தரும்தான். அவர்களுடைய சம்பளத்தில் விதவைகள், அநாதைகள் நிதிக்குக் கழிவு உண்டு. பழைய முறையில் சொந்த ஓய்வூதியத்துக்கென்று அவர்கள் எதுவும் கட்டுவதில்லை. ஆனாலும் அது உழைப்பின் பங்கு என்பதை யாரும் மறுப்பதில்லை, மறுக்கவும் கூடாது. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தவணைப்பணம் கட்டிச் சேர்ந்த கமக்காரரின் ஓய்வூதியமும், 1990இல் வந்த கடற்றொழிலாளர் ஓய்வூதியமும் மட்டும் ஏன் நிவாரணமாகப் பேசப்படுகின்றன? 2012இல் நிதி வற்றியதென்று கமக்காரருக்கான கொடுப்பனவு நின்றது. 2014இல்தான் மீண்டும் தொடங்கியது. உத்தியோகத்தரின் பென்சன் ஒரு மாதம் நின்றிருந்தால் நாடு சும்மா இருந்திருக்குமா?

கட்டிய தவணை சிறிது, அதற்கு எவ்வளவுதான் கொடுப்பது என்பார்கள். தவணையையும் கொடுப்பனவையும் வகுத்தது கமக்காரர் அல்ல. கணக்குப் பிழைத்தால் வகுத்தவரே பொறுப்பு. காணி இருக்கிறதே, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்களே என்பது அடுத்த வாதம். எல்லார் பிள்ளைகளும் வெளிநாட்டில் இல்லை. போரில் பிள்ளைகளையே இழந்தவர்கள் இங்கே எத்தனை பேர்! காணியின் வருமானத்தையும் அறுவடைக் களத்தில் பார்க்கலாம். ஈரநெல் என்று மூட்டைக்கு இத்தனை கிலோ கழித்துத்தான் வியாபாரி நிறுக்கிறார். எரிபொருளுக்கும் உரத்துக்கும் பட்ட கடனை அடைத்தபின் முதுமைக்கென்று ஒதுக்க என்ன மிஞ்சும்?

வன்னிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சட்டம் வந்த பிறகான இருபது ஆண்டுகளில் பெரும்பகுதி இடப்பெயர்வில் கழிந்தது. 1996இல் கிளிநொச்சி பெயர்ந்தது. 2009இல் பற்றுச்சீட்டு, அடையாள அட்டை எல்லாம் தொலைத்த சனம் செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டது. கட்டாத தவணைக்கு உரிமை கேட்கலாமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் கட்ட முடியாதபடி பாதைகள் மூடிக்கிடந்த ஆண்டுகளைக் கமக்காரரின் தவறாக எழுதுவது நியாயமில்லை. இரணைமடுக் குளத்தின்கீழ் எவர் எந்தப் போகம் செய்தார் என்பதைக் கமக்காரர் அமைப்புகளும் கமநல சேவை நிலையங்களும் விசாரித்து உறுதிப்படுத்தலாம். அதை ஆதாரமாக ஏற்று, அந்த ஆண்டுகளின் தவணையை அரசே கட்ட வேண்டும். முல்லைத்தீவுக் கடற்றொழிலாளருக்கு அவர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் சான்று கொடுக்கட்டும்.