பிரசவ வார்டுல கேட்கிற கேள்வியை கருணாபுரத்துல ஏன் கேட்கலை?

நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

அரசு ஆஸ்பத்திரியில ஒரு தாய் பிரசவத்துல இறந்துட்டா அடுத்து என்ன நடக்கும்னு வெளியில பலருக்குத் தெரியாது. கேஸ் ஷீட் மேலே போகும். அந்தம்மா வீட்டுக்கே ஆள் போய் விசாரிப்பாங்க. அப்புறம் கலெக்டர் முன்னாடி ஆடிட். கர்ப்பத்தைப் பதிவு பண்ண கிராம நர்ஸ்ல ஆரம்பிச்சு, 108 எத்தனை மணிக்குக் கிளம்புச்சு, ரத்தம் எப்ப ஏத்துனீங்கங்கிறது வரைக்கும் கேள்வி வரும்.

நான் அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். நைட் டூட்டி, பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்கு நிக்கவே இல்லை. காப்பாத்த முடியல. "ரத்தம் கேட்டதுக்கும் ஏத்துனதுக்கும் நடுவுல 50 நிமிஷம், ஏன்?"னு கேட்டாங்க. ரத்த வங்கி அடுத்த கட்டடம், ராத்திரி போய் எடுத்துட்டு வர ஆள் கிடையாதுன்னு சொன்னேன். எனக்கு மெமோ வந்தது. கூடவே ராத்திரி டூட்டிக்கு ஒரு ஆளும் வந்தாங்க. ஒரு வாரம் ஒழுங்கா தூங்கல, கோபம் வேற. ஆனா கேட்டது நியாயமான கேள்வி.

இந்த ஆடிட்டைத் தமிழ்நாடு 1990கள்லேர்ந்து பண்ணுது. 2018-20 எஸ்.ஆர்.எஸ். கணக்குப்படி 1 லட்சம் பிரசவத்துக்கு இங்க இறந்த தாய்மார்கள் 54, இந்திய அளவுல 97. ஆடிட் மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா பெரிய காரணம்.

இப்ப கள்ளக்குறிச்சிக்கு வாங்க. 2024 ஜூன். கருணாபுரம் ஏதோ மலைக்காடு இல்லை, ஊருக்குள்ளயே இருக்கிற பகுதி. மெத்தனால் கலந்த சாராயம். 60 பேருக்கு மேல செத்தாங்க.

மெத்தனால் உடம்புல போய் ஃபார்மிக் அமிலமா மாறும். அதுக்குச் சில மணி நேரம் ஆகும். அதுக்குள்ள வந்துட்டா மாற்று மருந்து, டயாலிசிஸ்னு நிறைய பேரைக் காப்பாத்தலாம். லேட்டானா முதல்ல கண்ணு போகும், அப்புறம் உயிர். முதல் நாள் மாவட்ட நிர்வாகம் இது கள்ளச்சாராயச் சாவே இல்லைன்னு மறுத்துச்சு. அந்த மறுப்பு எத்தனை மணி நேரத்தைத் தின்னுச்சு? அதை நம்பி வீட்டுலயே படுத்திருந்தவங்க எத்தனை பேர்? என்கிட்ட 50 நிமிஷத்துக்குக் கணக்கு கேட்ட மாதிரி இதுக்கு யார்கிட்ட கேட்டீங்க?

கலெக்டரை மாத்துனாங்க. எஸ்.பி. சஸ்பெண்ட். சஸ்பென்ஷன்ங்கிறது தண்டனையே இல்லைங்க, விசாரணை முடியற வரைக்கும் பாதிச் சம்பளத்தோட ஒதுங்கி இருக்கிறது. அதையும் பிறகு ரத்து பண்ணிட்டாங்க. இதைக் கேள்வி கேட்டது ஹைகோர்ட்தான். நவம்பர்ல வழக்கையே சி.பி.ஐ.க்கு மாத்துச்சு. அரசு என்ன பண்ணுச்சு? சுப்ரீம் கோர்ட்டுக்கு மேல்முறையீடு போச்சு, டிசம்பர்ல அங்கயும் தள்ளுபடி.

சட்டத்தைக் கடுமையாக்கினோமேன்னு பதில் வரும். ஆமா, சம்பவம் நடந்து 2 வாரத்துக்குள்ள திருத்தம், ஆயுள் தண்டனை வரைக்கும். அது காய்ச்சுறவனுக்கும் விக்கிறவனுக்கும். பார்த்துட்டு சும்மா இருந்த அதிகாரிக்கு எந்தப் பிரிவு?

இதுல எனக்கு நெஞ்சு அடைக்கிறது 2023 மே. மரக்காணம், சித்தாமூர். அங்கயும் மெத்தனால், 20 பேருக்கு மேல சாவு. அப்பவும் சஸ்பெண்ட், டிரான்ஸ்ஃபர், 10 லட்சம், சி.பி.சி.ஐ.டி. 13 மாசம் கழிச்சுப் பக்கத்து மாவட்டத்துல அதே சீன். ஒரே காரணத்துல ரெண்டாவது தாய் செத்திருந்தா எங்க ஆடிட்ல ஒருத்தரும் தப்பிச்சிருக்க முடியாது.

"குடிச்சுச் செத்தவனுக்கு 10 லட்சமா?"ன்னு திட்டுறவங்களுக்கு: கோபம் புரியுது, ஆள் தப்பு. அந்தப் பணம் போனது புருஷனை இழந்தவளுக்கும் பிள்ளைங்களுக்கும். சில வீட்டுல அப்பா அம்மா ரெண்டு பேருமே போயிட்டாங்க.

நான் எந்தக் கட்சியும் இல்லை. கேட்கிறது ஒண்ணுதான். கருணாபுரத்துல செத்த ஒவ்வொருத்தருக்கும் எங்க பாணியில ஒரு ஆடிட் போடுங்க. மெத்தனால் எந்த டேங்கர்ல வந்தது, எந்த செக்போஸ்ட் தாண்டுச்சு, யாருக்கு எப்ப புகார் போச்சு, யார் டூட்டி. அறிக்கையை மக்கள் படிக்கிற மாதிரி வெளியிடுங்க.

அரசு ஊழியர் நடத்தை விதின்னு ஒண்ணு இருக்கு. இந்த த்ரெட்டுக்கு எனக்கு மெமோ வந்தாலும் வரும். வந்தா பதில் எழுதுவேன், எங்களுக்குப் பழக்கம்தான்.